நம்மை விட்டுப் போகும் நீர்

தூய்மை என்றால் என்ன?

கேள்வி எளிது. ஆனால் இந்த எளிய கேள்விக்குத் தவறான விடையை எழுதி வைத்துக்கொண்டு, அந்த விடைக்குக் காவலாகச் சாத்திரத்தையும் சடங்கையும் நிறுத்தி, பன்னூறு ஆண்டுகள் ஏமாந்து கிடந்த நாடு நம் நாடு. அழுக்கு வெளியிலிருந்து வருகிறது; அது நம்மைத் தீண்டாமல் காத்துக்கொள்வதே தூய்மை. இதுதான் அந்த விடை. அதற்கு மடி என்று பெயர் வைத்தார்கள். ஆசாரம் என்று பெயர் வைத்தார்கள். எதிரே வருபவனைக் கண்டு ஒதுங்குவது தூய்மை. அவன் தொட்ட குடத்தைக் கவிழ்ப்பது தூய்மை. அவன் நிழல் விழாமல் நடப்பது தூய்மை! ஆனால், ஒதுங்கியவன் வீட்டுக் கழிவு எங்கே போயிற்று, யார் அதைச் சுமந்தார், யார் குடிக்கும் நீரில் அது கலந்தது என்று அந்த ஆசாரம் ஒரு நாளும் கேட்டதில்லை.

நான் வேறொரு விடையை முன்வைக்கிறேன். ஒரு மனிதனின் தூய்மையை அளக்க அவனிடம் வந்து சேரும் நீரைப் பார்க்க வேண்டாம்; அவனை விட்டுப் போகும் நீரைப் பாருங்கள். ஓர் ஊரின் நாகரிகத்தை அளக்கவும் அதே அளவுகோல் போதும். மேல்நிலைத் தொட்டி எத்தனை உயரம், தெருக்குழாய் எத்தனை என்று எண்ணிப் பார்த்து மகிழ்வது பாதிக் கணக்கு. அந்த நீர் பயன்பட்டு முடிந்தபின் எந்த நிலையில் ஊரைவிட்டு வெளியேறுகிறது என்பதே மீதிக் கணக்கு; அறத்தின் கணக்கும் அதுவே.

பொருநைக் கரையில் வாழ்பவர்களுக்கு இதை விளக்கப் பெரிய நூல் எதுவும் வேண்டாம், ஆறே போதும். பொதிகையில் பிறந்து, பாவநாசத்தில் சமவெளி கண்டு, அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, முக்கூடல், சேரன்மகாதேவி எனத் தவழ்ந்து, நெல்லையையும் பாளையங்கோட்டையையும் இரு கரைகளில் ஏந்தி, சீவலப்பேரி, வல்லநாடு, ஸ்ரீவைகுண்டம் கடந்து, புன்னைக்காயலில் கடலை அடைகிறது தாமிரபரணி. நீளம் ஏறத்தாழ 128 கிலோமீட்டர்தான். அதற்குள் எட்டு அணைக்கட்டுகள். இரு கரையிலும் கால்வாய்கள், வயல்கள். நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களும், விருதுநகர் மாவட்டத்தின் ஊர்கள் பலவும் இந்த ஒரே ஆற்றை நம்பித்தான் குடத்தை ஏந்துகின்றன.

இன்னொன்றையும் கவனியுங்கள். காவிரிக்கு வழக்கு என்றால் அண்டை மாநிலத்தைக் கை காட்டலாம். பொருநைக்கு அந்த வசதி கிடையாது. பிறப்பதும் தமிழ்நாட்டில், கடலில் சேர்வதும் தமிழ்நாட்டில். இதைக் காத்தால் அந்தப் பெருமை முழுவதும் நமக்கே. கெடுத்தால் பழியும் முழுவதும் நமக்கே. பங்கு கேட்க வெளியார் எவரும் வரப் போவதில்லை.

முக்கூடல் என்னும் பெயரைக் கேட்டவுடன் பள்ளு இலக்கியம் பலருக்கு நினைவுக்கு வரும். அந்தப் பள்ளு பாடிய முக்கூடல் வேறு. அது சிற்றாறு வந்து கலக்கும் சீவலப்பேரிப் பகுதி. பீடித் தொழிலுக்குப் பெயர்பெற்ற இன்றைய முக்கூடல் பேரூர், நெல்லைக்கு மேற்கே, ஆற்றின் மேல்பகுதியில் இருக்கிறது. பெயரால் ஒன்றான இவ்விரண்டு இடங்களுக்கும் நடுவே கிடப்பது என்ன? நெல்லை மாநகரம்! மேலை முக்கூடலைத் தாண்டிப் போகும் நீர், கீழை முக்கூடலைக் காண்பதற்குள் ஒரு மாநகரின் குளியலறையையும் கழிப்பறையையும் பட்டறையையும் கடந்து போகிறது. புலவர் பாடிய முக்கூடலுக்கு இன்று நாம் அனுப்பும் காணிக்கை அது.

மாநகரம்தான் குற்றவாளி, நாம் மேலிருப்பவர்கள், நாம் தூயவர்கள் என்று முக்கூடலில் இருப்பவர் எவரும் மார்தட்டவும் முடியாது. 2018ஆம் ஆண்டில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடெங்கும் மாசுபட்ட ஆற்றுப் பகுதிகள் என்று 351ஐப் பட்டியலிட்டது. தாமிரபரணியும் அதில் உண்டு: பாப்பாங்குளம் முதல் ஆறுமுகநேரி வரை. பாப்பாங்குளம் அம்பாசமுத்திரப் பக்கத்து ஊர். ஆறுமுகநேரி கடலோரப் பக்கம். அதாவது, மலையை விட்டு இறங்கிச் சற்று தூரம் வந்ததிலிருந்து கடைசி வரைக்கும்! 2024இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகளே நெல்லையில் ஆற்றங்கரைக்கு நேரில் வந்து, சாக்கடை கலப்பதைப் பார்வையிட்டுச் சென்றார்கள். வழக்கு மன்றம் ஆற்றங்கரைக்கு நடந்து வர வேண்டிய நிலை ஒரு நாட்டுக்குப் பெருமை தருவதாகாது.

இந்த நிலைக்கு நிதியின்மைதான் காரணம் என்பார்கள். நிதியின்மை ஒரு காரணம், அதை மறுக்கவில்லை. ஆனால் அதற்கும் ஆழத்தில் ஒரு பழைய பழக்கம் வேர் விட்டிருக்கிறது. அதைத் தோண்டி எடுக்காமல் எத்தனை கோடி கொட்டினாலும் அந்தக் கோடியும் வாறுகாலில்தான் போகும்.

ஆற்றங்கரை ஊர்கள் பலவற்றில் படித்துறைகள் எப்படிப் பிரிக்கப்பட்டிருந்தன என்பதைப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மேல்துறை மேல்சாதி என்பார்க்கு. கீழ்துறை கீழ்சாதி என்பார்க்கு. இது தற்செயலா? ஆற்று நீர் மேலிருந்து கீழே வருகிறது என்ற அறிவு அந்தப் பிரிவினையைச் செய்தவர்களுக்கு நன்றாகவே இருந்தது! மேலே குளித்தவனின் அழுக்கு கீழே குளிப்பவன் மீது வந்து சேரும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அறிந்தே மேல்துறையைத் தமக்கு வைத்துக்கொண்டார்கள். அதன்பின், அழுக்கை அனுப்பியவன் தூயவன் என்றும், அழுக்கைப் பெற்றவன் தீட்டுடையவன் என்றும் எழுதி வைத்தார்கள். இதைவிடப் பெரிய தலைகீழ்க் கணக்கை உலகம் கண்டதுண்டா? 1927இல் மகாராட்டிரத்தின் மகாடில் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களை அழைத்துச் சென்று பொதுக் குளத்து நீரை அள்ளிக் குடித்தபோது, அவர் கேட்டது தாகத்துக்கு நீர் மட்டும்தானா? மனிதன் தொட்டால் நீர் தீட்டாகும் என்ற பொய்யை அந்தக் குளத்திலேயே கரைத்துவிடவும் அவர் முயன்றார்.

சாதியின் படித்துறை வழக்கம் இன்று பெரும்பாலும் மங்கிவிட்டது. ஆனால் மேல்துறை மனப்பான்மை மங்கவில்லை. அது தனி மனிதனை விட்டு ஊருக்குக் குடியேறியிருக்கிறது. ஒவ்வோர் ஊரும் தன்னை மேல்துறையாக எண்ணிக்கொள்கிறது. தனக்குக் கீழே உள்ள ஊரைக் கீழ்துறையாக நடத்துகிறது. "எனக்கு நல்ல தண்ணீர் வேண்டும், என்னிடமிருந்து போவது எக்கேடும் கெடட்டும்." இதுதான் நகராட்சி உடை உடுத்திய பழைய ஆசாரம்.

2018 அக்டோபரில் நடந்த தாமிரபரணி புஷ்கர விழா நினைவிருக்கும். 144 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் நன்னாள் என்று சொல்லி மக்களை ஆற்றுக்கு அழைத்தார்கள். ஆறு பாவத்தைப் போக்குமாம்! பாவநாசத்தில் குளித்து, உடுத்திய ஆடையை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போனால் பாவம் அதோடு போய்விடும் என்ற நம்பிக்கையும் நெடுநாளாக உண்டு. அந்தத் துணிகளை ஆற்றடியிலிருந்து டன் கணக்கில் வாரி எடுக்க வேண்டியிருக்கிறது. பாவத்தைக் கழுவ வந்தவர் புண்ணியத்தோடு ஊர் திரும்புகிறார். அவருடைய துணி ஆற்றில் கிடந்து மக்குகிறது. ஆற்றை வணங்குகிறவனும் கெடுக்கிறான், வணங்காதவனும் கெடுக்கிறான் என்றால், பக்தி ஆற்றைக் காக்கவில்லை என்பது மட்டும் தெளிவு. ஆற்றைத் தாய் என்று அழைத்துவிட்டு அவள் மடியில் குப்பையைக் கொட்டுவதைவிட, ஆறு என்றே அழைத்து அதைத் தூய்மையாக வைத்திருப்பது மேல்.

இந்தக் குறை நம்மவர்க்கு மட்டும் உரியதென்று எண்ண வேண்டாம். அறிவியலின் தலைநகரம் என்று அந்நாளில் பெயரெடுத்த இலண்டன் மாநகரின் கதையைக் கேளுங்கள். 1832இல் காலரா வந்தது, 1849இல் வந்தது, 1854இல் மீண்டும் வந்தது. ஆயிரம் ஆயிரமாக மாண்டவர்கள் பெரும்பாலும் ஏழைகள். 1854இல் ஜான் ஸ்நோ என்ற மருத்துவர், ஒரு தெருவின் அடிகுழாய் நீரைக் குடித்தவர்களே அங்கே கொத்துக் கொத்தாக இறந்தனர் என்பதை வீடு வீடாகக் கணக்கெடுத்துக் காட்டினார். குழாயின் கைப்பிடியைக் கழற்றச் செய்தார். அப்போதும் ஆளுவோர் நகரின் கழிவைச் சீராக்க முனையவில்லை. 1858ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் ஆறு நாறியது. அந்த நாற்றம் ஆற்றங்கரையில் இருந்த பாராளுமன்றத்தின் சன்னல் வழியே உள்ளே புகுந்தது. உறுப்பினர்களின் மூக்கைத் தொட்டதும் சில வாரங்களில் சட்டம் பிறந்தது! மூன்று கொள்ளைநோயின் பிணக்குவியல் செய்யாததை ஒரு கோடையின் நாற்றம் செய்தது. ஏன்? பிணங்கள் சேரிகளில் விழுந்தன. நாற்றம் அவைக்குள் வந்தது.

பாசல்ஜெட் என்ற பொறியாளர் கட்டிய பெருஞ்சாக்கடைகள் இலண்டனைக் காப்பாற்றின. அது மறுக்க முடியாத சாதனை. ஆனால் அவை கழிவை எங்கே கொண்டுபோய் விட்டன? நகருக்குக் கிழக்கே, கீழ்ப்பகுதி ஆற்றில், அப்படியே! 1878இல் அந்தக் கழிவு வாய்களுக்கு அருகே ஒரு பயணிகள் கப்பல் மோதி மூழ்கியது. 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர்; அவர்கள் விழுந்தது சாக்கடை திறந்துவிடப்பட்ட நீரில். அதன் பிறகே கழிவைச் சுத்திகரித்து விட வேண்டும் என்ற எண்ணம் அங்கே வலுப்பெற்றது. கீழே தள்ளிவிடுவது தூய்மையாக்குவது ஆகாது என்ற பாடத்துக்கு இலண்டன் கொடுத்த விலை அது.

செருமனி நாட்டின் ஹாம்பர்க் நகரம் இன்னும் கூர்மையான பாடம். எல்பே ஆற்றங்கரையில் ஹாம்பர்க்கும் ஆல்டோனாவும் ஒட்டிக்கொண்டிருந்த ஊர்கள். சில தெருக்களில் ஒரு பக்கம் இந்த ஊர், மறுபக்கம் அந்த ஊர். ஹாம்பர்க் மேலே, ஆல்டோனா கீழே. ஹாம்பர்க்கின் கழிவு கலந்த நீரைத்தான் ஆல்டோனா எடுத்தாக வேண்டும். ஆகவே அது தன் குடிநீரை மணல் படுகைகளில் மெல்ல வடித்துக் குடித்தது. செல்வச் செழிப்பு மிக்க ஹாம்பர்க்கோ ஆற்று நீரை வடிக்காமலே குழாயில் விட்டது. வடிகட்டும் நிலையத்தை இழுத்தடித்துக் கட்டிக்கொண்டிருந்தது. 1892இல் காலரா வந்தது. ஹாம்பர்க்கில் மாண்டவர் 8,600 பேருக்கு மேல். ஆல்டோனா பெருமளவில் தப்பியது. தெருவின் ஒரு பக்கம் பிணம், எதிர்ப்பக்கம் உயிர்! கடவுளின் கோபமா தெருவுக்கு நடுவே கோடு கிழித்தது? மணல் கிழித்த கோடு அது. மணல் படுகையின் மேல்பரப்பில் படரும் நுண்ணுயிர்ப் படலம் நோய்க் கிருமிகளைத் தடுத்துவிடுகிறது என்ற இயற்கை விதி கிழித்த கோடு.

ஆல்டோனா காசு கொடுத்துக் கட்டிய மணல் வடிகட்டியைப் பொருநை நமக்குக் காசில்லாமல் கொடுத்திருந்தது. ஆற்றுப் படுகையில் உறைகிணறு இறக்கி, மணலில் ஊறி வடிந்த நீரை எடுத்துத்தான் இங்கே பல குடிநீர்த் திட்டங்கள் நடக்கின்றன. அந்த மணலை லாரி லாரியாக அள்ளி விற்றார்கள். 2010இல் தோழர் நல்லகண்ணு தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை விதித்தது. வடிகட்டியையே விற்றுவிட்டு, வடித்த நீர் வரவில்லையே என்று வாடும் மக்களை எப்படித் தேற்றுவது?

இனி நம் காலத்துக் கணக்குக்கு வருவோம். குழாய் நீர் மக்களின் உரிமை என்பதில் நம்மவர்க்குப் பழைய மரபு உண்டு. பொது வாழ்வின் தொடக்கத்தில் ஈரோடு நகராட்சித் தலைவராக இருந்த பெரியார், குழாய் வழிக் குடிநீருக்கு வழி செய்தவர். 1971இல் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் அமைந்தது. அதன் பெயரை மீண்டும் ஒருமுறை படியுங்கள்: குடிநீர், வடிகால். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பெயர் வைத்தவர்கள் பொருளறிந்தே வைத்தார்கள். 2010 சூலையில் ஐக்கிய நாடுகள் பொது அவை, குடிநீரும் துப்புரவும் மனித உரிமை என்று தீர்மானம் செய்தது; 122 நாடுகள் ஆதரித்தன, எதிர்த்தது எதுவுமில்லை. அங்கேயும் இரண்டும் சேர்ந்தே நின்றன. ஆனால் நடைமுறையில் முதல் சொல் மாலை சூட்டிக்கொண்டு முன்னே போகிறது. இரண்டாம் சொல் இருட்டில் பின்தங்கி நிற்கிறது. மேல்நிலைத் தொட்டிக்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. கழிவுநீர் நிலையத்துக்கு யார் நாடா வெட்டுவார்?

பொறியாளர்களின் கணக்கு ஒன்று உண்டு. ஊருக்குக் கொடுக்கும் நீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்பும். பாதாளச் சாக்கடை இல்லாத ஊர்களில் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 70 லிட்டர் என்பது குடிநீர் வழங்கலின் அளவுகோல். 10,000 பேர் வாழும் ஒரு பேரூரை எடுத்துக்கொள்வோம். 7 லட்சம் லிட்டர் உள்ளே வருகிறது. 5 லட்சத்து 60 ஆயிரம் லிட்டர் வெளியே போகிறது, ஒவ்வொரு நாளும்! புதிய குழாய் இணைப்பு ஒவ்வொன்றும் புதிய சாக்கடை ஒன்றின் தொடக்கம். வாய்க்கு வழி செய்து வாறுகாலுக்கு வழி செய்யாத திட்டம் பாதித் திட்டம்கூட அன்று. அது பக்கத்து ஊருக்குத் துன்பத்தைக் குழாய் போட்டு அனுப்பும் திட்டம்.

சிற்றூர்களிலும் பேரூர்களிலும் கழிப்பறை கட்டும் வேகம் அண்மை ஆண்டுகளில் கூடியிருக்கிறது, வரவேற்போம். ஆனால் கழிப்பறைக்குப் பின்னால் நடப்பதைப் பார்க்க வேண்டும். செப்டிக் டேங்க் என்பது மலத்தை அழிக்கும் மந்திரப் பெட்டி அன்று. கசடு அடியில் தங்கும். மேலே தேங்கும் நீர் வெளியேறும். அந்த நீர் உறிஞ்சு குழிக்குள் போக வேண்டும். குழி தோண்டாமல் குழாயை வாறுகாலில் நீட்டிவிட்டால், கழிப்பறை தெருவுக்கே வந்துவிட்டது என்று பொருள். தங்கிய கசடைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை லாரி வந்து உறிஞ்சி எடுக்க வேண்டும். எடுத்ததைச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்க்க வேண்டும். இரவோடு இரவாக ஓடையிலோ குளத்திலோ கொட்டினால், வீட்டில் ஒளித்ததை நாட்டில் விரித்தது ஆகும். தமிழ்நாடு அரசு 2014இலேயே இதற்கென வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருக்கிறது. அண்டை ஊர்கள் சேர்ந்து ஒரே நிலையத்தைப் பயன்படுத்தும் முறையும் தொடங்கியிருக்கிறது. நெறி ஏட்டில் இருக்கிறது. அது ஊருக்கு வந்ததா என்று கேட்க வேண்டியவர்கள் நாம்.

அந்தத் தொட்டிக்குள் இறங்குவது யார்? இந்தக் கேள்வியில் ஆசாரத்தின் முகமூடி முழுவதும் கழன்றுவிடுகிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டம், மனிதர் கையால் மலம் அள்ளுவதையும், காப்பில்லாமல் சாக்கடையிலும் தொட்டியிலும் மனிதரை இறக்குவதையும் குற்றமாக்கியது. 2014இல் உச்ச நீதிமன்றம், இப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்ததே, சாவு நிற்கவில்லை என்பதற்குச் சான்று. இறந்தவர்களின் சாதியைக் கேட்டால் விடை எந்த ஊரிலும் மாறுவதில்லை. தன் வீட்டுக் கழிவைத் தன் கண்ணால் காண விரும்பாத சமுதாயம், அதைக் காண்பதற்கென்றே ஒரு சாதியைப் படைத்தது. இயந்திரம் வந்த பிறகும் மனிதனை இறக்குகிறார்கள் என்றால், இயந்திரத்துக்கு வாடகை உண்டு, மனிதனுக்கு மலிவு என்பதே காரணம்.

பெண்களின் பக்கம் திரும்புங்கள். முக்கூடல் வட்டாரத்தில் எண்ணற்ற பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. குழாயடியில் குடத்தோடு நின்ற ஒரு மணி நேரம், முறத்தில் விழாத பீடிகளாக அன்றைய கூலியில் குறையும். இலவச நீர் என்று சொல்கிறோமே, அது யாருக்கு இலவசம்? நேரத்தைக் கொடுத்து அந்தப் பெண் வாங்கும் நீர் அது. நானறிந்த ஒரு பள்ளியில் மாணவியர் காலையிலிருந்து மாலை வரை தண்ணீரே குடிப்பதில்லை. தாகம் இல்லாமலா? கழிப்பறையில் நீர் இல்லை. ஆகவே குடிக்காமல் இருப்பதே பாதுகாப்பு என்று பதின்மூன்று வயதில் அவர்கள் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். நாம் கரும்பலகையில் எழுதிக் கொடுத்த சுகாதாரப் பாடத்தைவிட அந்தப் பாடம் அவர்களுக்கு ஆழமாகப் பதிந்திருக்கிறது. குடிநீரும் கழிவும் ஒன்றோடொன்று கட்டுண்டவை என்பதற்கு அந்தச் சிறுமியரின் வறண்ட உதடுகளைவிடச் சான்று வேண்டுமா?

எதிர்வாதங்களையும் கேட்போம். அவற்றை ஒதுக்குவது பகுத்தறிவுக்கு அழகன்று.

ஓடுகிற நீருக்குத் தீட்டு ஏது, ஆறு தன்னைத் தானே தூய்மை செய்துகொள்ளும் என்பது ஒரு வாதம். இதில் ஓரளவு உண்மை உண்டு. காற்றும் வெயிலும் மணலும் நுண்ணுயிர்களும் சேர்ந்து குறைந்த அளவு கழிவைச் செரிக்கும். ஆனால் அது, நிறைந்து ஓடும் ஆற்றுக்கு, சிறிய ஊரின் கழிவுக்குப் பொருந்திய உண்மை. நான்கு மாவட்டங்களுக்கு நீரை எடுத்துவிட்டு, கோடையில் கணுக்கால் அளவு ஓடும் ஆற்றில் மாநகரின் கழிவை ஊற்றிவிட்டு, ஆறே பார்த்துக்கொள்ளும் என்பது உழைப்பாளியின் உணவைப் பாதியாக்கிச் சுமையை இரட்டிப்பாக்கும் கதை.

ஏழை ஊர், பணத்துக்கு எங்கே போவது என்பது இரண்டாம் வாதம். கம்போடியாவின் தலைநகர் நோம்பென் போரில் நொறுங்கிய நகரம். 1993இல் அதன் குடிநீர்த் துறைப் பொறுப்பை எக் சோன் சான் என்ற பொறியாளர் ஏற்றபோது, குழாயில் விட்ட நீரில் 70 விழுக்காட்டுக்கு மேல் கசிந்தும் களவு போயும் கணக்கில் வரவில்லை. செல்வாக்குள்ளவர்கள் பணம் கட்டவில்லை. ஏழைகள் நீர் விற்பவர்களிடம் அதிக விலைக்கு வாங்கினார்கள். அவர் ஒவ்வோர் இணைப்புக்கும் மானி வைத்தார். பதவியில் இருப்பவரானாலும் கட்டணம் கட்டச் செய்தார். தம் ஊழியர்களின் ஊழலைக் களைந்தார். ஏழை வீடுகளுக்குச் சலுகையில் இணைப்பு கொடுத்தார். காலப்போக்கில் இழப்பு 10 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. 24 மணி நேரமும் நீர் வந்தது. 2006இல் அந்த நகரத் துறையின் தலைவர்க்கு மகசேசே விருது கிடைத்தது. வறுமையைவிட, வலியவனிடம் கணக்குக் கேட்க அஞ்சும் அச்சமே பெரிய தடை என்பதை நோம்பென் காட்டியது.

கராச்சியின் ஓரங்கி குடியிருப்பு இன்னொரு பாடம். 1980இல் அக்தர் ஹமீத் கான் அங்கே தொடங்கிய திட்டத்தில், தெரு மக்களே ஒன்று கூடி, தாங்களே பணம் போட்டுத் தெருச் சாக்கடைக் குழாய் பதித்தார்கள். வீட்டுக் கழிப்பறையும் தெருக்குழாயும் மக்கள் பொறுப்பு. பெருங்குழாயும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு என்று வேலையைப் பங்கிட்டார்கள். மக்கள் தம் பங்கை முடித்தார்கள். அரசின் பங்கு தாமதித்ததால் தெருவை விட்ட கழிவு ஓடைகளில் கலந்து கடலுக்குப் போயிற்று. தெரு தூய்மையானது, ஓடை தூய்மையாகவில்லை. மக்களின் முயற்சி எதுவரை செல்லும், எங்கே அரசு கை கொடுத்தே தீர வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எல்லைக்கல் இல்லை.

மூன்றாம் வாதம்தான் வலிமையானது: "மேலே உள்ளவன் எங்களுக்கு அழுக்கை அனுப்புகிறான், நாங்கள் மட்டும் ஏன் கீழே உள்ளவனுக்குத் தூய்மையை அனுப்ப வேண்டும்?" இந்த வாதத்தை எல்லா ஊரும் பேசலாம், எல்லா ஊரும் பேசுகிறது. அதனால்தான் ஆறு இந்த நிலையில் இருக்கிறது. நமக்குச் செய்யப்பட்ட அநீதி, நாம் செய்யும் அநீதிக்கு அனுமதிச் சீட்டு ஆகுமா? மாமியார் கொடுமையை அனுபவித்தவள் தன் மருமகளிடம் அதைத் தீர்த்துக்கொள்வதைப் போன்றது இது. அடக்கப்பட்டவன் தனக்குக் கீழே ஒருவனைத் தேடி அடக்குவதால்தான் சாதி என்னும் ஏணி நிற்கிறது. ஏணியை உடைக்க விரும்புகிறவன், மேற்படியை நோக்கிக் குரல் கொடுக்கும் அதே வேளையில், கீழ்ப்படியை மிதிக்கும் தன் காலையும் எடுத்தாக வேண்டும்.

இங்கே ஒரு கடினமான உண்மை இருக்கிறது. பேரூராட்சி உறுப்பினர் தம் வார்டு மக்களுக்குத்தான் பதில் சொல்வார். மாநகர மேயர் மாநகர வாக்காளருக்குத்தான் பதில் சொல்வார். வல்லநாட்டிலிருந்து வரும் நீரைக் குடிக்கும் தூத்துக்குடிக் குழந்தைக்கு முக்கூடலில் வாக்கு இல்லை. நெல்லையிலும் வாக்கு இல்லை. வாக்கு ஊர் எல்லையில் நின்றுவிடுகிறது, நீர் நிற்பதில்லை. நம்மைத் தண்டிக்க முடியாதவனிடம், நம்மைத் தோற்கடிக்க முடியாதவனிடம் நாம் எப்படி நடந்துகொள்கிறோம்? அதுவே சமத்துவத்தின் உண்மையான தேர்வு. நம்மோடு சமமாக வாதாடக் கூடியவனைச் சமமாக நடத்துவதில் பெருமை என்ன இருக்கிறது?

ஒரு கற்பனைச் சட்டம் சொல்கிறேன். ஒவ்வோர் ஊரும் தன் கழிவு வாய்க்கால் ஆற்றில் கலக்கும் இடத்துக்குக் கீழேதான் தன் குடிநீர்க் கிணற்றைத் தோண்ட வேண்டும் என்று நாளைக் காலை ஆணை பிறந்தால் என்ன நடக்கும்? நிதி இல்லை என்ற பல்லவி நின்றுவிடும். சுத்திகரிப்பு நிலையத்துக்கு இடம் கிடைத்துவிடும். உறிஞ்சு குழி இல்லாத வீட்டை ஊரே தட்டிக் கேட்கும். இலண்டன் பாராளுமன்றத்தின் மூக்கு 1858இல் செய்ததை, நம் ஒவ்வொருவர் நாக்கும் ஒரே மாதத்தில் செய்யும். அந்த ஆணை வரப் போவதில்லை. ஆனால் அந்த ஆணை வந்ததாக எண்ணிக்கொண்டு நடப்பவனே அறம் அறிந்தவன். கீழ்க்கரையில் இருப்பவன் நம் வீட்டுப் பிள்ளை என்று எண்ணிப் பார்க்க ஆணை எதற்கு?

தோழர்களே! வேண்டுவது பெரும்புரட்சி அன்று, விடாத கேள்விகள். உங்கள் தெருவின் வாறுகால் எங்கே போய் முடிகிறது? நடந்து பாருங்கள். உங்கள் வீட்டுத் தொட்டிக்கு உறிஞ்சு குழி உண்டா? மூடியைத் திறந்து பாருங்கள். கசடு அள்ளும் லாரி எங்கே கொட்டுகிறது? பின்தொடர்ந்து பாருங்கள். உங்கள் ஊர்ப் பள்ளியின் பெண்கள் கழிப்பறையில் நீர் வருகிறதா? ஆசிரியையரிடம் கேளுங்கள். தொட்டிக்குள் மனிதனை இறக்கும் ஒப்பந்தக்காரனுக்குச் சட்டத்தை எடுத்துக் காட்டுங்கள். புதிய குடிநீர்த் திட்டம் என்று மேடையில் அறிவிக்கும்போது கைதட்டுங்கள். கைதட்டி முடித்ததும் எழுந்து, இதன் வடிகால் எங்கே என்று கேளுங்கள். பகுதிக் கூட்டத்தில் கேளுங்கள். பேரூராட்சி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். விடை வரும் வரையில் கேளுங்கள்.

பொருநை நாள்தோறும் முக்கூடலைக் கடந்து போகிறது. அது நமக்கு எதைக் கொண்டு வந்தது என்பதை மேலுள்ள ஊர்கள் எழுதுகின்றன. அது நம்மிடமிருந்து எதைக் கொண்டு போகிறது என்பதை நாம் எழுதுகிறோம். கீழ்க்கரையில் குடம் ஏந்தி நிற்பவள் படிக்கப் போவது நம் கையெழுத்தை.